பாட்டி விழுந்துட்டாங்க... அந்த 48 மணி நேரம்!

முதியவர்களின் இடுப்பு எலும்பு முறிவு: தயங்கும் குடும்பங்கள், தவறும் நாள்கள்

"வயசு எண்பத்திரண்டு ஆவுது டாக்டர்... ஆபரேஷன் தாங்குவாங்களா?"

அரசுத் தலைமை மருத்துவமனை ஒன்றின் எலும்பு முறிவுப் பிரிவு வராந்தா. ஸ்ட்ரெச்சரில் பாட்டி. வலது கால் இடது காலைவிடச் சற்றுக் குட்டையாகத் தெரிகிறது. பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. விடியற்காலையில் பாத்ரூம் போனவர், ஈரத்தில் கால் வழுக்கி உட்கார்ந்த வாக்கில் விழுந்துவிட்டார். இளைய மகன் எக்ஸ்ரேயை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். மருமகள் கையிலிருக்கும் போனின் ஸ்பீக்கரில் துபாயிலிருந்து மூத்த மகன்: "அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்றாதடா. பெரிய மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க."

பெரிய மாமா, ஆபரேஷனே வேண்டாம், கட்டுப் போடும் வைத்தியரிடம் தூக்கிப் போய்விடலாம் என்கிறார். மாப்பிள்ளைக்கு அரசு மருத்துவமனையில் நம்பிக்கையில்லை. "ரெண்டு நாள் பார்ப்போம் மச்சான், வீக்கம் வத்தட்டும்" என்கிறார். பயிற்சி மருத்துவர் மூன்றாவது முறையாக வந்து, "என்னம்மா முடிவு பண்ணீங்க? நாளைக்கு லிஸ்ட்ல பேரு போடவா, வேண்டாமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

பாட்டிக்கு முழு நினைவு இருக்கிறது. பேசுகிறார், வலிக்கு ஒரு ஊசி போடச் சொல்கிறார். ஆனால், "உனக்கு என்னம்மா வேணும்?" என்று அந்த வராந்தாவில் யாரும் அவரிடம் கேட்கவில்லை.

வாரம் தவறாமல் எங்காவது ஒரு வீட்டில் இது நடக்கிறது. இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலோ அடுத்த தெருவிலோ நடந்திருக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். 2031-ல் அது 18 பேராக உயரும் என்பது மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு. கேரளாவுக்கு அடுத்து நாட்டில் வேகமாக முதுமையடையும் மாநிலம் நம்முடையது. வீட்டுக்கு வீடு ஒரு முதியவர், வீட்டுக்கு வீடு ஈரமான ஒரு பாத்ரூம். குடும்பங்கள் எதற்குத் தயாராக வேண்டும் என்பதை யாராவது உரக்கச் சொல்லியாக வேண்டும்.

உடைவது எது?

'இடுப்பு எலும்பு' என்று நாம் சொன்னாலும், பெரும்பாலும் உடைவது தொடை எலும்பின் மேல்முனை. இடுப்புக் கிண்ணத்துக்குள் சுழலும் பந்துக்குக் கீழே குறுகலான ஒரு கழுத்து இருக்கிறது. உடலின் மொத்த பாரத்தையும் காலுக்கு இறக்குவது அந்த இடம்தான். எலும்பு வலுவிழந்த முதுமையில் அது முருங்கைக் கிளைபோல ஆகிவிடுகிறது. நின்ற இடத்திலிருந்து விழுந்தாலே போதும், முறிந்துவிடும்.

கழுத்துப் பகுதியில் முறிந்தால் பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் அறுபட்டுவிடக்கூடும். அதனால் முதியவர்களுக்குப் பெரும்பாலும் பந்தையே எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்து வைப்பார்கள். கழுத்துக்குக் கீழே முறிந்திருந்தால் எலும்புக்குள் கம்பி செலுத்தி, ஸ்குரூ போட்டு முடுக்குவார்கள். இரண்டுமே மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் வழக்கமாக நடக்கும் சிகிச்சைகள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தே பெரும்பாலும் செய்துவிடுகிறார்கள்.

கட்டு ஏன் உதவாது என்ற கேள்வி நியாயமானது. கை முறிந்தால் மேலும் கீழும் உள்ள மூட்டுகளைச் சேர்த்துக் கட்டி அசையாமல் நிறுத்த முடியும். இடுப்பு மூட்டு உடம்புக்குள் ஆழத்தில், தடித்த தசைகளுக்கு நடுவே இருக்கிறது. எந்தக் கட்டும் அதைப் பிடித்து நிறுத்தாது. தசைகள் எலும்பை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். கால் குட்டையாவது அதனால்தான். எண்ணெய் போட்டு உருவிவிடுவது முறிந்த முனைகளை இன்னும் விலக்கும். வலியையும் ரத்தக் கசிவையும் கூட்டும்.

[பெட்டி]
விழுந்த அந்த நிமிடம்

கைத்தாங்கலாக எழுப்பி நடக்கவைக்க முயலாதீர்கள். இடுப்பில், தொடை இடுக்கில் வலி, காலைத் தூக்க முடியவில்லை, கால் குட்டையாகிப் பாதம் வெளியே திரும்பியிருக்கிறது என்றால் முறிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உருவாதீர்கள், இழுக்காதீர்கள். இரண்டு கால்களுக்கும் நடுவே தலையணை வைத்து, அசையாமல் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்துக் கொண்டுபோக வேண்டாம்.

சிலருக்கு எலும்பு விரிசலோடு நின்றுவிடும். நொண்டி நொண்டி நடப்பார்கள். முதல் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாது. வலி குறையவில்லை என்றால் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எதையும் மறைக்காதீர்கள்.

தலையில் அடிபட்டதா, மயங்கி விழுந்தாரா, வழுக்கி விழுந்தாரா என்று விழுந்ததைப் பார்த்தவரைக் கேட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.
[/பெட்டி]

'தாங்குவாங்களா?'

பயம் புரிகிறது. எண்பதைத் தாண்டிய உடம்பு. சர்க்கரை, பிரஷர், சிலருக்கு இதயத்தில் ஸ்டென்ட். ஆபரேஷன் தியேட்டருக்குள் போனவர் திரும்பி வராமல் போய்விட்டால், 'நான்தானே கையெழுத்துப் போட்டேன்' என்ற உறுத்தல் காலத்துக்கும் இருக்கும். அதனால்தான் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போன் போடுகிறார்கள்.

ஆனால், கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும்: ஆபரேஷன் இல்லாமல் இரண்டு மூன்று மாதம் அசையாமல் கட்டிலில் கிடப்பதை அவர் தாங்குவாரா? 2007-ல் அமெரிக்காவில் ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் மட்டும் படுக்கையில் இருக்கச் செய்து பார்த்தார்கள். சராசரி வயது 67. பத்தே நாளில் கால்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துபோயிருந்தது. எலும்பு முறிந்து, வலியில் சாப்பாடும் இறங்காத 82 வயதுக்காரரின் நிலையை நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். படுத்தே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டி நிமோனியா வரும். காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போய் அடைக்கும். புட்டத்தில், குதிகாலில் புண் வரும். சிறுநீர்த் தொற்று வரும். இடுப்பு முறிந்த முதியவர்களில் பலரின் உயிரைப் பறிப்பது இவைதான்.

உலகெங்கும் கிடைத்திருக்கும் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: இந்த முறிவு ஏற்பட்ட முதியவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். கசப்பான எண். சொல்லாமல் விட முடியாது. அதைக் குறைக்க நம் கையில் இருப்பவற்றில் முதலாவது, நேரம்.

எத்தனை மணி நேரம்? இந்தியா உட்பட 17 நாடுகளில் 2,970 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2020-ல் 'லான்செட்' இதழில் வந்தது. ஆறு மணி நேரத்தில் ஆபரேஷன் செய்ய இலக்கு வைத்தவர்களையும், வழக்கமான ஏற்பாட்டில் ஏறத்தாழ ஒரு நாளில் செய்தவர்களையும் ஒப்பிட்டார்கள். இறப்பில் வித்தியாசம் இல்லை. ஆனால், சீக்கிரம் செய்தவர்களுக்கு மனக்குழப்பமும் சிறுநீர்த் தொற்றும் குறைவு. சீக்கிரம் எழுந்து நின்றார்கள். சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள். ஆக, பதறி நடுராத்திரியில் ஓட வேண்டியதில்லை. ஆனால், நாள்களை எண்ணிக்கொண்டு உட்காரவும் கூடாது. சேர்த்த அன்றோ மறுநாளோ செய்துவிட வேண்டும் என்பது பிரிட்டனின் விதி. 48 மணி நேரம் என்பது பொதுவாக எல்லோரும் ஒப்புக்கொள்ளும் எல்லை.

அந்த 48 மணி நேரம் நம் ஊரில் எங்கே போகிறது? பாதி, குடும்பத்தின் பஞ்சாயத்தில். மீதி, 'ஃபிட்னஸ்' வாங்குவதில். எக்கோ எடுக்க ஒரு நாள், இதய மருத்துவர் பார்க்க ஒரு நாள், நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நிஜமாகவே இதயம் செயலிழந்துகொண்டிருந்தால், உப்பின் அளவு மோசமாக இருந்தால் சரிசெய்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். ஆனால், வயதை மட்டும் காரணம் காட்டி ஒத்திப்போடுவதை ஏற்க முடியாது. "எதுக்காகத் தள்ளிப்போடுறீங்க, அதைச் சரிபண்ண எத்தனை மணி நேரம் ஆகும்?" என்று மருத்துவரிடம் கேட்கக் குடும்பத்துக்கு முழு உரிமை உண்டு.

எல்லோருக்கும் ஆபரேஷன்தான் என்பதும் சரியாகாது. முற்றிய புற்றுநோயில் இருப்பவர், பல மாதங்களாகவே படுக்கையில் இருப்பவர், கடைசிக் கட்டத்தில் இருப்பவர் விஷயத்தில் வலியில்லாமல் வைத்துக்கொள்வதே போதும் என்ற முடிவு நேர்மையான முடிவாக இருக்கலாம். அங்கேயும் வலியைக் குறைக்கவென்றே சிலருக்கு ஆபரேஷன் செய்வதுண்டு. எந்த முடிவானாலும், நினைவோடு இருக்கும் முதியவரைத் தாண்டி எடுக்கக் கூடாது. உடம்பு அவருடையது. எழுந்து நடந்து தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள ஆபத்தையும் ஏற்கத் தயார் என்று அவர் சொல்லலாம். கேட்டால்தானே தெரியும்?

மூன்றாம் இரவு

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள். இரண்டாம் இரவோ மூன்றாம் இரவோ, அதுவரை தெளிவாகப் பேசிய அம்மா திடீரென்று குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்குகிறார். பத்து வருடம் முன்பு இறந்துபோன அப்பாவைக் கூப்பிடுகிறார். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும், கதவத் திற" என்று இறங்கப் பார்க்கிறார். பெற்ற மகளையே யாரென்று கேட்கிறார்.

வீட்டுக்காரர்களை உடைத்துப்போடுவது இந்த இரவுதான். 'மயக்க மருந்து மூளையைக் கெடுத்துவிட்டது', 'காத்து கருப்பு அடிச்சிருக்கு' என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். மருத்துவர்கள் இதை டெலிரியம் என்கிறார்கள். இடுப்பு முறிந்த முதியவர்களிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. காரணம் உடம்பில் இருக்கும்: வலி, தொற்று, உப்பு குறைவு, தண்ணீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, ஏதோ ஒரு மாத்திரை. அதைத் தேடிச் சரிசெய்தால் பெரும்பாலும் நாள்களில், சில வேளை வாரங்களில் தெளிந்துவிடுவார்கள். உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

குடும்பம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கண்ணாடியையும் காதுக்கருவியையும் வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டு வருவோம். அவற்றை முதலில் கொண்டுவந்து மாட்டிவிட வேண்டும். பாதி தெரியாமல், பாதி கேட்காமல் புது இடத்தில் கிடப்பவருக்குக் குழப்பம் வராமல் என்ன செய்யும்? தினம் ஓர் ஆள் மாறாமல் பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். பகலில் ஜன்னல் வெளிச்சம், இரவில் இருட்டும் அமைதியும். அவர் சொல்வதோடு மல்லுக்கட்ட வேண்டாம். "மாட்ட நான் பார்த்துக்கிறேன்மா, நீ படு" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டால் பலர் அடங்கிவிடுகிறார்கள். கையைக் கட்டிலோடு கட்டினால் குழப்பம் கூடத்தான் செய்யும்.

தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் அம்மாக்கள்

ஆபரேஷனுக்கு மறுநாளே உட்காரவைத்து, வாக்கர் பிடித்து நிற்கவைக்கிறார்கள். பார்க்கும் பிள்ளைகளுக்குப் பதறுகிறது. "பாவம், ஒரு வாரம் படுத்திருக்கட்டுமே." அந்தப் பரிவுதான் இங்கே கெடுதல். எவ்வளவு எடையை ஊன்றலாம் என்பதை ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, பிசியோதெரபிஸ்ட் சொல்கிறபடி அன்றாடம் நடக்கவைக்க வேண்டும். வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்பு கொடுத்தால் ஒத்துழைப்பார்கள்.

வீட்டுக்கு வந்தபின் நாம் கவனிக்கத் தவறும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல அம்மாக்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்கிறார்கள். டம்ளரை நீட்டினால், "இப்பத்தான் குடிச்சேன்" என்பார்கள். ராத்திரிச் சாப்பாட்டை இரண்டு வாயோடு தள்ளிவைப்பார்கள். பசியில்லாமல் இல்லை. குடித்தால் ஒன்றுக்கு வரும், சாப்பிட்டால் வெளிக்குப் போக வேண்டும், அதற்கு மருமகளை எழுப்ப வேண்டும். ஆயுசு முழுக்க அடுத்தவர்களுக்குச் செய்தே பழகியவர்களுக்கு, தனக்கு ஒருவர் கழுவிவிடுவது முறிவின் வலியைவிடப் பெரிய வலி. அந்தச் சங்கோஜத்தில் தண்ணீர் குறைகிறது, மலம் இறுகுகிறது, சிறுநீரில் தொற்று வருகிறது, திரும்பவும் குழப்பம், திரும்பவும் ஆஸ்பத்திரி.

இதற்கு மருந்து, கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிடுவது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அவர் கேட்காமலேயே கூட்டிப்போங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் கமோடு சேர் ஒன்று போட்டுவிடுங்கள். சுற்றி ஒரு பழைய சேலையை மறைப்பாகக் கட்டினால் அவருக்குப் பாதி நிம்மதி. முட்டை, பருப்பு, பால், மீன் என்று ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கட்டும். ரசம் சாதமும் கஞ்சியும் மட்டும் கொடுத்தால் கரைந்த தசை திரும்பாது.

செயற்கைப் பந்து வைத்தவர்கள் முதல் சில மாதங்கள் தரையில் உட்காரக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, இந்தியன் டாய்லெட்டில் குந்தக் கூடாது. பந்து கிண்ணத்திலிருந்து நழுவிவிடும் ஆபத்து இருக்கிறது. எவ்வளவு நாள் என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார். வாடகை வீட்டில் டாய்லெட்டை மாற்ற முடியாதவர்கள், நடுவில் துளையுள்ள ஸ்டூலை அதன்மேல் போட்டுச் சமாளிக்கலாம். கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அசையாத மரக்கட்டை கொடுத்து உயர்த்துங்கள். உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிட உயரக் கூடாது என்பதுதான் கணக்கு.

படுக்கைப் புண்ணைப் பற்றி ஒரே வார்த்தை: தினமும் பாருங்கள். புட்டத்தின் மேல் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு. தோல் சிவந்து, அழுத்தினாலும் வெளுக்கவில்லை என்றால் அது புண்ணின் தொடக்கம். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். பாரம் படாமல் திருப்பிப் படுக்கவையுங்கள். ஏர் பெட் இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவதற்கு விடுமுறை கிடையாது.

அந்த இன்னொருத்தி

இத்தனையும் செய்யும் கை யாருடையது? பெரும்பாலும் மருமகள் அல்லது மகள். ஐம்பதைத் தாண்டியவர், அவருக்கே முட்டிவலி, தூக்கமில்லாத இரவுகள். வேலைக்குப் போகிறவர் என்றால் முதலில் போவது அந்த வேலை. வருகிற உறவினர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு, "நல்லாப் பார்த்துக்கம்மா" என்று சொல்லிப் போகிறார்கள். 'நீ தூங்கினியா?' என்று கேட்பவர் அபூர்வம்.

ஆண்கள் இதில் இறங்கியாக வேண்டும். தூக்கி உட்காரவைக்க, நடக்கவைக்க, இரவில் முறைபோட்டு விழித்திருக்க மகனால் முடியும். தாயைச் சுத்தம் செய்யக் கூச்சமாக இருந்தால், துணி அலசவும் சமைக்கவும் முடியும். வெளிநாட்டுப் பிள்ளைகள் ஸ்பீக்கரில் யோசனை சொல்வதற்குப் பதிலாக, பகலுக்கு ஓர் உதவியாளரின் சம்பளத்தை ஏற்றுக்கொண்டால் அது ஆயிரம் யோசனைக்குச் சமம். முடியாதவர்களுக்கு அரசின் கதவு ஒன்று இருக்கிறது: 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

[பெட்டி]
டிஸ்சார்ஜுக்கு முன் கேளுங்கள்

காலில் எவ்வளவு எடை ஊன்றலாம்? எப்போது வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறலாம்?

ரத்தம் உறையாமலிருக்க ஊசியோ மாத்திரையோ எத்தனை நாள்?

பழைய மாத்திரைகளில் எதை நிறுத்த வேண்டும்? குறிப்பாகத் தூக்க மாத்திரையும், எழுந்தால் தலைசுற்றவைக்கும் பிரஷர் மாத்திரையும்.

எலும்பு தேய்வுக்கு என்ன மருந்து, எப்போது தொடங்குவது?

காய்ச்சல், புண்ணில் நீர்க்கசிவு, கெண்டைக்கால் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல் வந்தால் யாரை அழைப்பது?

பணம்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் சேர்த்த அன்றே கேளுங்கள்.

முதியோர் உதவி எண்: 14567 (கட்டணமில்லை).
[/பெட்டி]

மறந்துபோகும் ஊசி

முறிந்த எலும்பைச் சரிசெய்து அனுப்பிவிடுகிறோம். எலும்பு ஏன் முறிந்தது என்ற கேள்வியை அங்கேயே விட்டுவிடுகிறோம். ஒரு முறை முறிந்தவருக்கு அடுத்த இடுப்போ முதுகெலும்போ முறியும் வாய்ப்பு அதிகம். சோலெட்ரானிக் ஆசிட் என்ற மருந்தை ஆண்டுக்கு ஒரே ஒரு முறை டிரிப்பில் ஏற்றினால் போதும். இடுப்பு முறிவுக்கு ஆபரேஷன் செய்து 90 நாளுக்குள் இதைப் பெற்றவர்களிடம் புதிய முறிவுகள் 35 சதவிகிதமும் இறப்பு 28 சதவிகிதமும் குறைவு என்று 2007-லேயே ஆய்வு வந்துவிட்டது. சிறுநீரகச் செயல்பாட்டையும் வைட்டமின் டி அளவையும் பார்த்துவிட்டுப் போட வேண்டிய மருந்து, எல்லோருக்கும் பொருந்தாது. பொருந்துகிறவர்களுக்கும் வெறும் கால்சியம் மாத்திரையோடு டிஸ்சார்ஜ் சீட்டு முடிந்துவிடுவது வருத்தம் தருகிறது. கேட்டு வாங்க வேண்டியது நம் பொறுப்பாகிவிட்டது.

48 மணி நேரம், இவர்களுக்கும்

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலமல்ல. டாக்டர் வி.எஸ்.நடராஜன் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கியது 1978-ல். நாட்டுக்கே அது முன்னோடி. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. இருப்பதை இந்த முறிவுக்குத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

பிரிட்டன் செய்து காட்டியிருக்கிறது. இடுப்பு முறிவோடு வருகிற ஒவ்வொருவரையும் 2007 முதல் பதிவுசெய்தார்கள். எலும்பு மருத்துவரும் முதியோர் நல மருத்துவரும் சேர்ந்து பார்க்க ஏற்பாடு செய்தார்கள். 36 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்வது உள்ளிட்ட விதிகளை நிறைவேற்றினால் மருத்துவமனைக்குக் கூடுதல் பணம் என்று 2010-ல் அறிவித்தார்கள். எந்த மருத்துவமனை எவ்வளவு தாமதம் என்பதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். இங்கிலாந்தில் 2007-ல் 10.9 சதவிகிதமாக இருந்த 30 நாள் இறப்பு, 2011-ல் 8.5 சதவிகிதமாக இறங்கியது. புது மருந்து எதுவும் அங்கே வந்துவிடவில்லை. மணி நேரத்தைக் கணக்கு வைத்தார்கள்.

நமக்கும் அந்தக் கணக்கு புதிதில்லை. சாலை விபத்தில் சிக்குபவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. சாலையில் விழுகிறவருக்கு அந்த 48 மணி நேரம் எவ்வளவு முக்கியமோ, பாத்ரூமில் விழுகிற பாட்டிக்கும் அவ்வளவு முக்கியம். எல்லா மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இடுப்பு முறிவோடு வரும் முதியவருக்கு 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் என்பதை விதியாக்கி, எத்தனை பேருக்கு அப்படிச் செய்யப்பட்டது என்ற கணக்கை ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்க வேண்டும். சுகாதாரத் துறை இந்த ஆண்டே இதைத் தொடங்கட்டும்.